வேலி இல்லாத வயல், முளை அடிக்கும் ஜூரி

கேள்வி: இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற சிற்றூரில் இன்றும் இடைக்கால முறைப்படி வேலியில்லாமல் பயிர் செய்கிறார்களாமே? எல்லைத் தகராறு வராதா?

பதில்: வரும். அதைத் தீர்க்கவே ஊருக்குள் கோர்ட் லீட் என்ற நீதிமன்றம் இருக்கிறது. மில் ஃபீல்ட், சவுத் ஃபீல்ட், வெஸ்ட் ஃபீல்ட் என்று மூன்று பெருவயல்கள். ஒவ்வொன்றிலும் பல விவசாயிகளுக்கு நீள நீளமான துண்டுகள். ஒரு வயலில் முதலாண்டு குளிர்காலக் கோதுமை, அடுத்த ஆண்டு வசந்த விதைப்பு, மூன்றாம் ஆண்டு தரிசு அல்லது தீவனப் புல். வேலியோ வரப்போ கிடையாது. ஏர் ஒரு சால் தள்ளிப் போனாலே பக்கத்துக்காரர் நிலமோ பொதுப்பாதையோ குறைந்துவிடும். ஆண்டுதோறும் ஒரு சால் என்றால் பாதையே காணாமல் போகும்.

அதனால் கோதுமை விதைத்த வயலை நவம்பர் கடைசியில் ஜூரி நடந்து பார்க்கிறது. ஜூரிகள் அதே ஊர் விவசாயிகள்தான். பாதையின் அகலத்தை அளந்து, எல்லை மங்கிய இடத்தில் மரமுளையை அடித்து இறக்குவார்கள். உழவு மீறியவர், வாய்க்காலைத் தூர்வாராதவர் பெயர்களைக் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் டவ்கோட் விடுதியில் நீதிமன்றம் கூடி அபராதம் போடும். அடுத்த ஆண்டுக்கான ஜூரியும் அங்கேயே பதவியேற்கும். அபராதம் சொற்பம்தான். ஆனால் தினமும் முகம் பார்க்கும் ஆட்களுக்கு முன்னால் பெயர் வாசிக்கப்படுகிறதே, அதற்குத்தான் மனிதர் அஞ்சுவார். இந்த முறை பிழைத்திருக்க அதுவே காரணம் என்பேன்.

கேள்வி: அங்கே போனால் எதைத் தவறவிடக்கூடாது?

பதில்: வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். 1635இல் மார்க் பியர்ஸ் ஊரை அளந்து, துண்டு துண்டாக வரைந்த படம் அது. மூலம் ஆக்ஸ்ஃபர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டதால் படத்தில் உள்ள அத்தனையும் நிலத்தில் கிடைக்காது. வயல் நடுவே உழாமல் விட்ட புல்வெளிகளை மட்டும் கவனியுங்கள். 'சைக்' என்பார்கள். ஈரமும் சரிவும் ஏருக்கு ஒத்துவராத இடங்கள். அந்தப் புல்லை அறுக்கும் உரிமையை ஏலம் விடுவது வழக்கம்.

ஊருக்கு வடக்கே நார்மன் காலக் கோட்டையின் மண்மேடு இருக்கிறது. கட்டடம் இல்லை, மேடும் அகழியும்தான். புனித மைக்கேல் தேவாலயத்தில் கல்லுருவங்களுக்கு நடுவே ஓக் மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணுருவம் கிடக்கிறது. 14ஆம் நூற்றாண்டு வேலை. அவசரத்தில் கல் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள்.