மகள் தோடு செய்கிறா, விடச் சொல்லவா? ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா.

உயர்தரம் (ஏ.எல்.) முடித்த பிள்ளை நாள் முழுக்க மணியும் கம்பியும் களிமண்ணுமாக இருக்கிறா, கலைப்பிரிவில் எடுத்த பெறுபேறு கெம்பசுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, காணுமோ தெரியாது, கத்தாரில் இருக்கிற அப்பா "அரசாங்க வேலைக்குப் பார்" என்கிறார், இதை விடச் சொல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். விடச் சொல்ல வேண்டாம். ஆனால் "நல்ல திறமை, ஊக்கப்படுத்துங்கள்" என்று ஒற்றை வரியில் உங்களை அனுப்பிவைக்கவும் எனக்கு மனமில்லை. அப்படிச் சொல்வது எனக்குச் சுகம். மாதம் முடிய வீட்டுக் கணக்குப் பார்க்கப் போவது நீங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களை ஆறுதலாகப் பார்த்தேன். பெரும்பாலானவை வாங்கிய துண்டுகளைச் சேர்த்துச் செய்தவை. புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்துக் கல்முனைக்கும் காத்தான்குடிக்கும் பைக்கற்றில் வருகிற மணி, பதக்கம், கொழுக்கி. மகள் நிறம் பார்த்துக் கோர்த்திருக்கிறா, வடிவாகவே இருக்கின்றன. நாலு உருப்படி மட்டும் வேறு: சுடுமண் ஜிமிக்கி இரண்டு சோடி, சிரட்டையை அராவி மினுக்கிய பதக்கம், கைத்தறிச் சேலைத் துண்டு சுற்றிய காப்பு. இவற்றில் சின்னக் கோணல்கள் உண்டு. ஒரு ஜிமிக்கியின் விளிம்பு மற்றதைவிடத் தடிப்பு. என்றாலும் இந்த நாலும் வேறொருவரிடம் கிடைக்காது.

கோர்ப்பதும் செய்வதும் இரண்டு தொழில், அம்மா. ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று நான் சொல்லவில்லை. கோர்ப்பது வியாபாரம். அதற்குக் கையில் கொஞ்சம் முதல், புது மாதிரி வந்தவுடன் பிடிக்கிற வேகம், ஆட்களோடு கதைக்கிற வாய் வேண்டும். அதே பைக்கற்றை வாங்குகிற அடுத்த தெருப் பிள்ளை நாளைக்கே 50 ரூபா குறைத்து விற்கலாம் என்பது அதன் ஆபத்து. செய்வது கைவினை. அதில் காசு சுணங்கித்தான் வரும். பிடிபடும்வரை உடைவதும் பிளப்பதும் கூட. ஆனால் கை பழகியபின் அதை யாரும் ஒரு கிழமையில் பார்த்துச் செய்துவிட ஏலாது. மகளுக்கு எதில் ஆசை என்று தெரியாமல் படிப்பையும் தீர்மானிக்க முடியாது, முதலையும் தீர்மானிக்க முடியாது.

அதை அறிய ஒரு கேள்வி போதும். "நீ வாங்குகிற அந்த மணி இனிக் கடைக்கு வராது என்றால் என்ன செய்வாய்?" என்று சமைக்கும்போது சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். வேறு கடை தேடுவேன் என்றால் அவ வியாபாரி. நானே செய்து பார்ப்பேன் என்றால் கைவினைக்காரி. இரண்டையும் சொன்னாலும் பயமில்லை, நிறையப் பேர் கோர்த்து விற்ற காசில்தான் செய்யப் பழகுகிறார்கள்.

என் ஊகம், மகள் இரண்டாவது பக்கம் சாய்கிறா. சுடுமண் ஜிமிக்கியில் ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. நிறம் பூசியது போலத் தெரியவில்லை. களிமண்ணில் இருக்கிற இரும்பு, காற்றுப் படச் சுட்டால் சிவக்கும். உமிக்குள் மூடிப் புகையவிட்டால் அதே மண் கறுக்கும். தற்செயலாக வந்ததா, தெரிந்து செய்தாவா என்று கேளுங்கள். தெரிந்து செய்திருந்தால் அது சும்மா பொழுதுபோக்கு இல்லை. தற்செயல் என்றால், அடுத்த முறை வேண்டுமென்றே கறுப்பாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் காயாத மண்ணை அவசரப்பட்டு நெருப்பில் வைத்தால் வெடிக்கும், வெயிலில் வைத்துக் காயவிட்டால் ஒரு பக்கம் இழுத்துப் பிளக்கும். எத்தனை நாள் நிழலில் காய வைத்தா, எதில் சுட்டா, எது உடைந்தது என்று ஒரு கொப்பியில் எழுதட்டும்.

இந்தக் கொப்பியை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கைவேலை செய்கிற பிள்ளைகளிடம் ஃபோனில் படங்கள் குவிந்திருக்கும், வழி எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. படம் முடிந்த பொருளைத்தான் காட்டும். நேர்முகத்தில் இருக்கிறவர் கேட்பது "இதை எப்படிச் செய்தாய், ஏன் இப்படி?" என்பதை. முதல் கீறிய படம், பாவித்த சாமான், எடுத்த நேரம், பிழைத்த இடம், கடைசிப் படம், விற்ற விலை. ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு பக்கம், பதினைந்து இருபது பக்கம் சேர்ந்தால் அது ஒரு கோப்பு. நான் கீழே சொல்லப்போகிற எந்த வாசலுக்கும் அந்தக் கோப்போடு போகலாம்.

இப்போது படிப்பு. வீட்டுக்குக் கிட்ட என்றால், மட்டக்களப்புக் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. சங்கீதம், நடனம், நாடகம் மட்டுமில்லை, கட்புலக் கலைத் துறையும் அங்கே உண்டு. தூரம் பரவாயில்லை என்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டங்கள் இருக்கின்றன. இப்படியான பாடநெறிகளுக்கு இசட் ஸ்கோரோடு (ஏ.எல். பெறுபேற்றிலிருந்து கணிக்கிற புள்ளி) அந்தத் துறைக்கான திறமையைப் பார்க்கிற உளச்சார்புப் பரீட்சையும் உண்டு, அதற்கான விண்ணப்பம் தனியாகக் கோரப்படும். பொது விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, இதற்குத் திகதி முடிந்தது தெரியாமல் இருந்துவிடுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் என்னிடம் வருகிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை மகளோடு இருந்து வாசித்து, அவவின் பாடச் சேர்க்கை பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அப்பாவின் அரசாங்க வேலை ஆசையையும் தள்ளிவிட வேண்டாம். தாழங்குடாவில் ஆசிரியர்களைப் பயிற்றுகிற தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது, அம்பாறைப் பக்கம் அட்டாளைச்சேனையில் இன்னொன்று. 3 வருடப் படிப்பு, கடைசி வருடம் பாடசாலையில் படிப்பித்துப் பழகுகிற கட்டுறுபயிற்சி. வர்த்தமானி அறிவித்தல் வரும்போது மகளின் பாடங்களுக்கு எது திறந்திருக்கிறது என்று பார்த்து விண்ணப்பிக்கட்டும். களிமண் பிசைந்து பழகிய கை வகுப்பறையில் வீண்போகாது.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) வழி. 4ஆம் மட்டம்வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். வகுப்புக்குப் போகாமல் வேலை பழகியவர்களுக்கும், இருக்கிற திறமையைச் செய்முறையில் காட்டி மட்டம் பெறுகிற ஏற்பாடு இருக்கிறது, சான்றுக் கோப்பும் கேட்பார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும், தொழில் பழகுநர் பயிற்சியைப் பார்க்கிற நைட்டாவிலும் விசாரியுங்கள். போகும்போது மகளின் வேலை எந்தத் தொழில் நியமத்துக்குள் (ஒரு தொழிலுக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்ற வரையறை) வரும் என்பதை முதலில் கேளுங்கள். பொன், வெள்ளி நகை வேலை ஒரு பாதை, சுடுமண்ணும் சிரட்டையும் வேறு பாதை. உலோகத்தில் ஆசை இருந்தால் கடுவலையில் இரத்தினக்கல் மற்றும் ஆபரண ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் இருக்கிறது. நம் ஊர் நகைப் பட்டறைகளில் பெண்பிள்ளைகள் இருந்து பழகுவது அரிது, அதனால் பட்டறையை நம்பியிராமல் நிறுவகத்தையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

விலைக்கு வருகிறேன். இதில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள், பெரும்பாலும் தங்களிடமே. ஒரு சோடி ஜிமிக்கிக்கு மண், கொழுக்கி, மட்டை, பை எல்லாம் 140 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை ஒன்றரை மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 200 போட்டால் 300. உடைவதற்கும் விறகுக்கும் 40. அடக்கம் 480. கடைக்காரர் விற்றுத் தர 30 வீதம் கேட்கிறார். உடனே மகள் 480இன் 30 வீதத்தைக் கூட்டி 624 என்று எழுதுவா. கடைக்காரர் 624இல் 30 வீதம் கழிப்பார், கையில் வருவது 437 தான். ஒவ்வொரு சோடிக்கும் 43 ரூபா நட்டம். 480ஐ 0.7ஆல் பிரிக்க வேண்டும், 686 வரும், விலையை 690 என்று போடலாம். இது கணிதமே தவிரப் பேராசை இல்லை. தன் நேரத்துக்குக் காசு போட வெட்கப்படுகிற பிள்ளைக்கு இதைத் தாய் சொன்னால் ஏறும்.

எங்கே காட்டுவது? மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைத் திருவிழாவுக்குக் கடை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். அந்தச் சனத்துக்குள் 100 ரூபாத் தோட்டுக்குப் பக்கத்தில் 690 ரூபா ஜிமிக்கியை வைத்தால், பார்ப்பவர் விலையைத்தான் பார்ப்பார். அதைவிட மருதமுனைக் கைத்தறிக்காரரோடு கதைத்துப் பாருங்கள். வெட்டு மிச்சத் துண்டை வாங்கி அதே நிறத்தில் காப்பும் தோடும் செய்து, சேலையோடு சேர்த்து வைத்தால் இருவருக்கும் ஆதாயம். அறுகம்பேயில் அலைச்சறுக்குக்காரர் வருவது ஏறக்குறைய மே தொடங்கி ஒக்டோபர் மட்டும். அதன்பின் வாடைமழை, கடற்கரை வெறிச்சோடிவிடும். அங்கே ஒரு விடுதியிலோ தேத்தண்ணிக் கடையிலோ பத்து உருப்படி வைக்க வேண்டுமென்றால் மாசி, பங்குனியிலேயே செய்துமுடிக்க வேண்டும். வெளிநாட்டவர் கேட்கிற முதல் கேள்வி நிக்கல் இருக்கிறதா என்பது. சிலருக்குக் காது புண்ணாகும், ஐரோப்பாவில் அதற்குச் சட்டமே உண்டு. கொழுக்கிக்கு மட்டும் வெள்ளியோ தரமான துருப்பிடிக்காத எஃகோ பாவிக்கட்டும்.

யாரும் பெரிதாக நினைக்காத ஒரு வேலை நடன நகை. நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் எல்லாம் இந்தியாவிலிருந்து வருகின்றன, இரண்டு மேடை ஏறினால் கல் விழும், கொழுக்கி முறியும். தமிழ்த்தினப் போட்டிக்கு முன்னம் ஒவ்வொரு நடன ஆசிரியையும் கோந்துப் போத்தலோடு அலைவதைப் பார்த்திருப்பீர்கள். பழுதுபார்த்துக் கொடுக்க ஒரு ஆள் இருக்கிறா என்று தெரிந்தால் தேடி வருவார்கள். சின்னக் காசுதான், ஆனால் ஒரு நகை எந்த இடத்தில் முறிகிறது என்று பழுதுபார்க்கிறவருக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது.

கைவினைக்கென்றே அரசாங்கத்தின் தேசிய அருங்கலைகள் பேரவை 1982ஆம் ஆண்டின் சட்டத்தில் வந்தது, "சில்ப அபிமானி" என்ற கைவினைப் போட்டி அவர்களுடையது. பிரதேச செயலகத்தில் கேட்டால் விண்ணப்பம் எப்போது என்று சொல்வார்கள். பரிசு கிடைக்காவிட்டாலும் மற்றவர்களின் வேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பெரிய படிப்பு. வியாபாரப் பெயர்ப் பதிவும் பிரதேச செயலகத்தில்தான், ஆனால் மாதாமாதம் ஒழுங்காக விற்கத் தொடங்கியபின் போனால் போதும்.

முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் போடுவதற்கு நீங்கள் பயப்படுவது நியாயம். நகையைக் காட்ட முகம் தேவையில்லை, காதும் கையும் காணும். வீட்டு நம்பரைப் போடாமல் தனி சிம் ஒன்று எடுங்கள். கோரியரில் அனுப்பினால் வீட்டு முகவரி வெளியே போகாதபடி நகரத்துக் கிளையில் நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம். படத்துக்குக் காலை வெளிச்சமும் ஜன்னலும் ஒரு வெள்ளை பிரிஸ்டல் போர்டும் போதும். பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒரு படம் எடுக்கட்டும். "இவ்வளவு சின்னனா?" என்ற சண்டை பாதி குறையும்.

எதால் செய்தது என்பதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். பித்தளையைப் பித்தளை என்றே விற்கலாம். சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்ற வழக்கில் ஒரு நகரமே எரிந்த கதையை ஒவ்வொரு வைகாசியும் கண்ணகி கோயில் குளிர்த்திச் சடங்கில் கேட்கிற ஊர் நம்முடையது. கடற்கரையில் பொறுக்குவதிலும் கவனம்: முருகைக்கல் (பவளப்பாறை), ஆமை ஓடு இரண்டையும் தொடவே கூடாது, சங்கு சிப்பிகளிலும் சில இனங்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. யானைமுடி மோதிரம் யாராவது செய்யக் கேட்டால் மறுத்துவிட வேண்டும்.

கடைசியாக, இரவில் இருந்து கோர்த்தால் கண் கெடுமா என்று கேட்டிருந்தீர்கள். மங்கல் வெளிச்சம் கண்ணை நிரந்தரமாகக் கெடுக்காது, களைப்பும் தலையிடியும் தரும். மேசை விளக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். மணியை மூக்குக்குக் கிட்டப் பிடிக்கிறா என்றால் ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் ஒருமுறை காட்டுங்கள். எனக்குக் கண்ணைவிடக் கவலை, ஒரு படத்தின் மூலையில் தெரிந்த ரெசின் (கலந்து ஊற்றினால் இறுகுகிற இரசாயனப் பிசின்) போத்தல். அதைப் படுக்கிற அறையில் கலக்க விட வேண்டாம். கையுறை போட்டு, காற்றோட்டமான விறாந்தையில் கலக்கி, இறுகும்வரை அங்கேயே வைக்கட்டும்.