டா நாங்கில் கடைசி நாள்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு வியட்நாம் போய் வந்தோம். டா நாங்கில் கடைசி நாள். பன்னிரண்டு மணிக்கே ஹோட்டல் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், விமானமோ ராத்திரிதான். மனைவி ஹான் மார்க்கெட்டுக்குக் காப்பித்தூள் வாங்கப் போய்விட்டாள், நான் சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருந்தேன். நம் சோழர்கள் அங்குவரை போய் ஆண்டதை நினைத்துப் பெருமையாக இருந்தது, அந்தச் சிலைகளைச் செய்த சாம் இனமே அழிந்துபோனதை நினைத்தால் வேதனை. டிராகன் பாலம் நெருப்பு கக்குவதையும் பார்க்கவில்லை, அன்று செவ்வாய்க்கிழமை. கடைசி நாள் மட்டும் ஏன் இப்படி வெறுமையாக இருக்கிறது? அதை எப்படிக் கழிப்பது?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

டிராகனை விடுங்கள். வார இறுதி இரவுகளில் கொஞ்ச நேரம் நெருப்பு, அப்புறம் தண்ணீர், அவ்வளவுதான், யூடியூபிலேயே இருக்கிறது. காப்பித்தூள் வாங்கியதும் சரிதான். கடைசி நாளில் நானும் பெட்டியை ஹோட்டல் வரவேற்பில் போட்டுவிட்டு நடக்கும் தூரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போவேன். டா நாங்கில் அது நீங்கள் உட்கார்ந்திருந்த அருங்காட்சியகம், ஆற்றோரத்து அந்த மஞ்சள் கட்டடம்தான். கொஞ்ச நாளாக அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

ஆனால் சோழர்களை எதற்கு ஐயா அங்கே கூட்டிப் போனீர்கள்? 1025இல் ராஜேந்திரன் படை போனது ஸ்ரீவிஜயத்தின் மேல், சுமத்ரா, கடாரம் பக்கம். சாம் மக்களின் அரசு சம்பா, இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் இருந்தது. அதை எந்தச் சோழனும் ஆண்டதில்லை. டா நாங் பக்கத்துக் கோயில் தலமான மீ சன்னில் பத்ரவர்மன் என்ற சம்பா அரசன் பத்ரேஸ்வரர் என்று சிவனுக்குக் கோயில் எடுத்தது நான்காம் நூற்றாண்டில், தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010இல், நீங்களே கணக்குப் போடுங்கள். கடல்வழி வந்த எழுத்தையும் சமஸ்கிருதத்தையும் தெய்வத்தையும் அவர்களாக விரும்பி எடுத்துக்கொண்டு, தங்கள் கையால் செங்கல்லில் கட்டினார்கள். அருங்காட்சியகத்தில் திரா கியூ என்ற ஊரில் கிடைத்த பீடத்தில் ஆடும் பெண்ணைப் பார்த்தீர்கள் அல்லவா, அந்த உடல் வளைவு முழுக்க அவர்களுடையது. வெளிநாட்டில் ஒரு லிங்கத்தைக் கண்டதும் பட்டா எழுதிக்கொள்ளும் வழக்கம் நமக்கு என்றுதான் போகுமோ.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "இனமே அழிந்துபோனது" என்கிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 1471இல் சம்பாவின் தலைநகர் விஜயா விழுந்தது, 1832இல் மின் மாங் என்ற வியட்நாம் அரசன் தெற்கே மிச்சமிருந்த சாம் பகுதியான பாண்டுரங்கத்தையும் சேர்த்துக்கொண்டான், மீ சன்னின் பெரிய கோபுரம் 1969இல் அமெரிக்கக் குண்டில் போனது. அரசு போனது, கோபுரம் போனது, ஜனம் எங்கே போனது? தெற்கு வியட்நாமில் பான்ராங் பக்கம் இன்றும் சாம் ஊர்கள் இருக்கின்றன, சிவனை விடாதவர்களும் உண்டு, பானி என்ற பெயரில் இஸ்லாத்தைத் தங்கள் போக்கில் வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

நான் போயிருந்தபோது அந்த அருங்காட்சியகத்தில் மீ சன் பீடத்தின் முன்னால் ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தாள். காவலர் ஏதோ சொன்னார், அவள் காதில் வாங்கவில்லை. கூட வந்த பேரன் பான்ராங்காரன், தட்டுத்தடுமாறி இங்கிலீஷ் பேசினான். பாட்டி என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "எங்கள் ஊரில் சாமியைக் குளிப்பாட்டித் துணி மாற்றுவோம், இங்கே சும்மா உட்காரவைத்திருக்கிறார்கள் என்று திட்டுகிறாள்" என்றான். நீங்கள் பெருமையும் வேதனையும் பட்ட அதே சிலைகள்தான் ஐயா. அவளுக்கு இரண்டும் இல்லை, பராமரிப்பு சரியில்லை என்ற கோபம் மட்டும்தான்.

அவள் சொன்ன அந்தக் குளிப்பாட்டலைப் பார்க்க வேண்டுமா? சாம் மக்களின் காதே திருவிழா பெரும்பாலும் அக்டோபரில் வரும். மலையில் இருக்கும் ராக்லாய் மக்கள்தான் சாமியின் உடைகளைப் பாதுகாத்து வைத்திருந்து அன்று கொண்டுவருகிறார்கள். பான்ராங் பக்கத்துப் போ குலொங் கராய் கோயிலில் முகலிங்கத்தை, அதாவது முகம் செதுக்கிய லிங்கத்தை, நீராட்டி உடுத்துவார்கள். அடுத்த முறை டா நாங்கிலிருந்து ராத்திரி ரயில் ஏறித் தாப் சாம் ஸ்டேஷனில் இறங்குங்கள், கோயில் பக்கத்துக் குன்றில்தான். தேதி அவர்கள் நாட்காட்டிப்படி ஆண்டுதோறும் மாறும், விசாரித்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். உங்கள் மனைவியையும் கூட்டிப் போங்கள்.