சேலைப் படங்களைச் சுருக்கினால் சரிகை மங்கிவிடுமா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சேலைக் கடை வைத்திருக்கிறீர்கள். கடையின் இணையத்தளம் கைப்பேசியில் திறக்கவே நேரமாகிறது, படங்களைச் சுருக்கினால் சரிகை மங்கிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வரிசை தெரிந்து செய்தால் மங்காது.

முதலில் அகலத்தைக் குறையுங்கள். கைப்பேசி எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் சுமார் 4000 பிக்சல் அகலம். சேலைப் பட்டியலில் அது 400 பிக்சல் கட்டத்துக்குள்தான் தெரியப்போகிறது என்றால், கூர்மையான திரைகளுக்காக இரட்டிப்பாக்கி 800 வைத்தாலே தாராளம். அகலம் ஐந்தில் ஒன்றானால் உயரமும் அப்படியே. மொத்தப் பிக்சல்கள் 25இல் ஒரு பங்காகிவிடும். பலர் இதைத் தொடாமல், சேமிக்கும்போது கேட்கும் தர அளவை (100 வரை போகும் எண்) மட்டும் 40, 30 என்று இறக்குகிறார்கள். சரிகை கெடுவது அங்கேதான். ஜேபெக் (.jpg) என்ற வழக்கமான பட முறை படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, நுண்ணிய விவரங்களைத்தான் முதலில் கழிக்கும். நிறத்தையும் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கும் என்பதால் சிவப்புப் பட்டில் பொன்னிழையின் ஓரம் கசிந்தது போலத் தெரியும். தரத்தை 75 முதல் 80க்குள் நிறுத்துங்கள். முந்தானையை நெருக்கத்தில் காட்டும் படத்துக்கு மட்டும் 85 கொடுக்கலாம்.

அடுத்தது கோப்பு வடிவம். கூகுள் 2010இல் அறிமுகப்படுத்திய வெப்பி (WebP) என்ற பட வடிவம், அதே தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 விழுக்காடு சிறியது என்பது அவர்களே சொல்லும் கணக்கு. இன்றைய உலாவிகள் எல்லாம் அதைத் திறக்கும். ஸ்குவூஷ் (Squoosh) என்ற இலவசப் படச் சுருக்கக் கருவியில் பழையதையும் புதியதையும் அருகருகே ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த படம் பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்டது; அதை மறுபடி சுருக்காதீர்கள், அசலிலிருந்தே தொடங்குங்கள்.

பக்கத்தில் கீழே வரும் படங்களுக்கு ‘லேஸி லோடிங்’ (பார்ப்பவர் அந்த இடத்தை நெருங்கும்போதுதான் படத்தை இறக்கும் முறை) போடுங்கள். மேலே முதலில் தெரியும் பேனருக்கு மட்டும் வேண்டாம்; போட்டால் அதுவே தாமதமாகும்.