எந்த வருடத்திலிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பில் வரலாறு படிக்கிறாள். இஸ்ரேல்-பாலஸ்தீனப் பிரச்சினை எப்படித் தொடங்கியது என்று பள்ளியில் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஒருவர் "மூவாயிரம் வருடத்துப் பகை" என்கிறார், இன்னொருவர் "எல்லாம் 1948இல் வந்த வினை" என்கிறார், மூன்றாமவர் 2023 அக்டோபர் 7க்கு முன்னால் எதுவுமே நடக்காததுபோல் பேசுகிறார். எங்கிருந்து தொடங்கினால் ஒரு பக்கம் சாயாமல் இருக்கும்?

பதில்: மூன்று பேர் மூன்று வருடம் சொன்னதில் வியப்பில்லை. இந்தப் பாடத்தில் தொடங்கும் வருடத்தைச் சொன்னாலே, முதலில் கை ஓங்கியது யார் என்றும் சொன்னதாகிவிடும். கல்லூரியில் இதை நடத்திய காலத்தில் நானும் பல வருடங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் வந்து நின்றது 1882இல். மகளுக்கும் அதையே சொல்வேன்.

அதற்கு முன் அந்த "மூவாயிரம் வருட"த்தை ஓரமாக வைத்துவிடுங்கள். யூதர்களுக்கு அந்த மண்ணோடு உள்ள பழைய உறவு கட்டுக்கதையல்ல. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகும் அவர்களுடைய தொழுகையில் அந்த ஊர் பெயர் விடுபட்டதில்லை. எருசலேம், ஹெப்ரான், சஃபேத், திபேரியா ஊர்களில் சிறு யூதச் சமூகங்கள் இருந்தும் வந்தன. அரபு மக்களும் நேற்று வந்தவர்கள் அல்லர். நூற்றாண்டுகளாக அங்கேயே உழுது, கட்டி, புதைத்து வாழ்ந்தவர்கள். ஒட்டோமான் துருக்கியர் ஆட்சியின் 400 வருடங்களில் யூதர்கள் சம உரிமையோடு இருந்தார்கள் என்று பூசி மெழுக வேண்டாம். ஆனால் "இந்த நாடு யாருடையது" என்று இவ்விருவரும் மோதிக்கொண்டதில்லை. அந்தக் கேள்வியே புதியது.

1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டார். பழி யூதர்கள் தலையில் விழுந்தது. ஊர் ஊராகத் தாக்குதல், கொள்ளை. அடுத்த சில பத்தாண்டுகளில் கிழக்கு ஐரோப்பாவை விட்டுக் கிளம்பிய லட்சக்கணக்கானோரில் மிகப் பெரும்பாலோர் போனது அமெரிக்காவுக்கு. ஒரு சிறு பங்கினர் 1882 முதல் பாலஸ்தீனத்தில் வந்து இறங்கினார்கள். 1896இல் தியோடர் ஹெர்ஸல் யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்று எழுதினார். மறு வருடம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மாநாட்டில், ஜியோனிசம் என்கிற இந்த யூத தேசிய இயக்கம் ஓர் அமைப்பாக உருவெடுத்தது. வந்தவர்கள் உயிருக்குத் தப்பி வந்தவர்கள், அதே சமயம் ஒரு நாட்டை உருவாக்க வந்தவர்களும்கூட. ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குவதில்தான் வாட்ஸ்அப் சண்டையில் பாதி நடக்கிறது.

அடுத்தது நிலம். மகளை இங்கே கொஞ்சம் நின்று பேசச் சொல்லுங்கள்.

1858இல் ஒட்டோமான் அரசு நிலத்தைப் பெயரில் பதிந்துகொள்ளச் சட்டம் போட்டது. பதிந்தால் வரி வரும், பட்டாளத்துக்குப் பிடித்துப்போவார்கள் என்று பயந்து பல விவசாயிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். பத்திரம் ஊர்ப் பெரிய மனிதர் பெயரிலோ பெய்ரூட் வணிகர் பெயரிலோ ஆயிற்று. உழுதவர் உழுதுகொண்டே இருந்தார், விளைச்சலில் பங்கு அளந்தார், தலைமுறை தலைமுறையாக அனுபவித்த நிலம் தன்னுடையது என்றே நினைத்தார். பத்திரம் ஒருவர் கையில், அனுபவம் இன்னொருவர் கையில் என்றால் என்ன ஆகும் என்பதை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நாசரேத்துக்குத் தெற்கே அல்-ஃபூலா என்றொரு கிராமம். 1910இல் பெய்ரூட்டைச் சேர்ந்த எலியாஸ் சுர்சுக் அங்கே சுமார் 10,000 துனம் நிலத்தை, யூதக் குடியேற்றத்துக்காக நிலம் வாங்கும் ஜியோனிச அமைப்பான யூத தேசிய நிதிக்கு விற்றார். ஒரு துனம் ஏறக்குறைய கால் ஏக்கர். விற்றவரும் அரபுக்காரர்தான், கவனியுங்கள். நாசரேத் மாவட்ட அதிகாரி ஷுக்ரி அல்-அசாலி கிரயத்தை முடித்துக்கொடுக்க மறுத்தார். அந்த நிலத்தில் சிலுவைப்போர்க் காலக் கோட்டை ஒன்றின் இடிபாடு கிடந்தது. அதைச் சுட்டிக்காட்டி, சிலுவைப்போர்ப் படைகளை வென்ற சுல்தான் சலாஹுத்தீனின் பெயரையே புனைபெயராக வைத்துப் பத்திரிகையில் எழுதினார். பலிக்கவில்லை. மேலிடம் ஒப்புக்கொண்டது, குத்தகையாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள், 1911இல் மெர்ஹாவியா என்ற யூதக் குடியிருப்பு அங்கே எழுந்தது. வாங்கியவர்கள் காசு கொடுத்து, சட்டப்படிதான் வாங்கினார்கள். போனவர்களுக்கு அந்தச் சட்டம் ஒன்றும் தரவில்லை. யூத தேசிய நிதி வாங்கிய நிலத்தைத் திரும்ப விற்பதில்லை என்பதால், போனது போனதுதான். (அசாலியை 1916இல் தூக்கிலிட்டது யூதர்களுமல்ல, ஆங்கிலேயர்களுமல்ல. அரபு தேசியவாதி என்று சொல்லி ஒட்டோமான் அரசே தூக்கிலிட்டது.)

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். ஒட்டோமான் அரசை எதிர்த்துப் போரிட்ட முதல் உலகப் போரின்போது, மெக்காவின் தலைவர் ஷரீஃப் ஹுசேனுக்கு அரபு நாடுகளின் சுதந்திரத்தை ஆதரிப்பதாகக் கடிதம் எழுதினார்கள்; 1916இல் அந்த ஒட்டோமான் பகுதிகளைப் பிரான்ஸோடு ரகசியமாகப் பங்கு பிரித்தார்கள்; 1917 நவம்பர் 2 அன்று, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய ஆதரவு என்று வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் பெயரில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார்கள். ஹுசேனுக்கு எழுதிய கடிதங்களில் பாலஸ்தீனமும் சேர்த்தியா என்று இன்றும் வாதம் உண்டு. இருந்தாலும், ஒரே மனைக்கு மூன்று பேரிடம் அட்வான்ஸ் வாங்கியவரை நாம் என்ன சொல்வோமோ, அதைத்தான் இவர்களையும் சொல்ல வேண்டும்.

பால்ஃபர் அறிவிப்பின் உடல் ஆங்கிலத்தில் 67 சொற்கள். மகள் அதை ஒருமுறை முழுதாகப் படிக்கட்டும். அதில் "அரபு" என்ற சொல்லே கிடையாது. அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் "யூதரல்லாத சமூகங்கள்". அவர்களுக்கு சிவில் உரிமை உண்டு, சமய உரிமை உண்டு. அரசியல் உரிமை பற்றி மூச்சில்லை. பாலஸ்தீனத்தில் 1922 கணக்கெடுப்பில் மொத்தம் 7,57,182 பேர். அதில் யூதர்கள் 83,794. ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேரை "அல்லாதவர்" ஆக்கிய காகிதம் அது.

அதற்குப் பிந்தைய முப்பது வருடங்களில் இரண்டு பக்கமும் பயம் ஏறிக்கொண்டே போனது. 1929இல் ஹெப்ரானில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஊரில் அண்டை வீட்டு யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய அரபுக் குடும்பங்களும் இருந்தன. 1924இலேயே அமெரிக்கா கதவைச் சாத்திவிட்டது. 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். 1935 ஒரே வருடத்தில் 60,000க்கு மேற்பட்ட யூதர்கள் பாலஸ்தீனத்துக்கு வந்தார்கள். சொந்த ஊரிலேயே சிறுபான்மை ஆகிவிடுவோம் என்ற அச்சத்தில் 1936இல் அரபுக் கிளர்ச்சி வெடித்தது. ஆங்கிலேயர் அதைக் கடுமையாக நசுக்கினார்கள். 1939இல் அவர்களே திசை மாறி, ஐந்து வருடத்துக்கு 75,000 யூதர்களுக்கு மேல் அனுமதியில்லை என்றார்கள். ஐரோப்பிய யூதர்களுக்குப் புகலிடம் உயிர்ப்பிரச்சினையாக இருந்த நேரம் பார்த்து! ஹிட்லர் ஆட்சியில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பிறகு, இனி எங்களுக்கென்று ஒரு நாடு இல்லாமல் முடியாது என்று அவர்கள் சொன்னதற்கு உலகத்திடம் பதிலில்லை.

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை பிரிவினைக்கு வாக்களித்தது. ஆதரவு 33, எதிர்ப்பு 13. இந்தியா எதிர்த்து வாக்களித்த நாடு. ஈரான், யுகோஸ்லாவியாவுடன் சேர்ந்து, பிரிக்காமல் ஒரே கூட்டாட்சியாக வைக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தது. ஆசிரியர் இதைக் கேட்கக்கூடும், மகள் தெரிந்துவைத்திருக்கட்டும். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களுக்குப் பாதிக்குச் சற்று அதிகமான நிலப்பரப்பு ஒதுக்கப்பட்டது. யூதத் தலைமை ஏற்றது, அரபுத் தலைமை மறுத்தது. மறுநாளே சண்டை.

1948 ஏப்ரல் 9 அன்று எருசலேம் அருகே தெய்ர் யாசின் கிராமத்தில் யூத ஆயுதக் குழுக்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. நான்கு நாள் கழித்து, ஹடாஸா மருத்துவமனைக்குச் சென்ற வாகன வரிசையை அரபு ஆயுதக் குழுவினர் தாக்கியதில் 78 பேர் இறந்தார்கள். மே 14இல் இஸ்ரேல் பிறந்தது. மறுநாள் அண்டை அரபு நாடுகளின் படைகள் நுழைந்தன. 1949இல் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது பழைய பாலஸ்தீனத்தில் 78 சதவீதம் இஸ்ரேலிடம் இருந்தது. சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள், விரட்டப்பட்டும் பயந்து ஓடியும், அகதிகள் ஆகியிருந்தார்கள். திரும்ப விடவில்லை, 1950இல் அவர்கள் சொத்தை "வராதோர் சொத்து" என்று சட்டம் போட்டு இஸ்ரேல் எடுத்துக்கொண்டது. பூட்டிவிட்டுப் போன வீட்டின் சாவியும் "குஷான்" என்கிற பத்திரமும் இன்றும் முகாம்களில் பேரப்பிள்ளைகள் கையில் இருக்கின்றன. இராக், யெமன், மொராக்கோ என்று அரபு நாடுகளில் நூற்றாண்டுகளாக இருந்த யூதர்களும் அடுத்த இருபது வருடங்களில் லட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டு இஸ்ரேலுக்கு வந்தார்கள். அவர்களிடமும் சாவிகள் உண்டு.

இதுவரை சொன்னால் எட்டு நிமிடம் போய்விடும். மீதியை ஓட்டமாகச் சொல்லலாம்: 1967 ஜூனில் ஆறு நாள் போரில் மீதியிருந்த மேற்குக் கரையும் காஸாவும் இஸ்ரேல் பிடியில் வந்து, யூதக் குடியேற்றங்கள் தொடங்கின, 1987இல் இன்திஃபாதா என்கிற பாலஸ்தீன எழுச்சி எழுந்தது, ஹமாஸ் என்கிற இஸ்லாமிய இயக்கம் உருவானது, 1993இல் இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்துகொண்ட ஓஸ்லோ ஒப்பந்தம், 1995இல் அதற்கு ஒப்புக்கொண்ட இஸ்ரேல் பிரதமர் ராபினை ஒரு யூதத் தீவிரவாதியே சுட்டுக் கொன்றார், 2005இல் காஸாவிலிருந்து குடியேற்றங்கள் அகன்றன, 2007இல் ஹமாஸ் அதைக் கைப்பற்ற, முற்றுகை இறுகியது, 2023 அக்டோபர் 7 தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்த போரில் காஸாவில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

சொற்களில் கவனம் வேண்டும். 1948ஐ இஸ்ரேலியர் சுதந்திரப் போர் என்பார்கள், பாலஸ்தீனர்கள் நக்பா, அதாவது பேரழிவு, என்பார்கள். ஒன்றை மட்டும் சொன்னால் சாய்வு வந்துவிடும்; இரண்டையும் சொல்லிவிட்டு "1948 போர்" என்று தொடரலாம். "முஸ்லிம்கள்" என்று மொத்தமாகச் சொல்ல வேண்டாம். 1922 கணக்கிலேயே 73,024 பேர் கிறிஸ்தவர்கள். "யூதர்கள் இப்படிச் செய்தார்கள்" என்பதைவிட எந்த அரசு, எந்தக் குழு என்று சொல்வது சரி.

பேசி முடித்ததும் "நீ யார் பக்கம்?" என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அல்-ஃபூலா நிலம் யாருக்குச் சேர வேண்டும் என்று மகள் திருப்பிக் கேட்கட்டும். என் வகுப்பில் அந்த விவாதம் மணியடித்த பிறகும் வராந்தாவில் நடந்திருக்கிறது.