அம்மம்மாவின் ‘களிசான்’ தமிழ்ச் சொல்லா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் அம்மம்மா காற்சட்டையைக் ‘களிசான்’ என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லைப் பற்றி மகன் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். ‘கால்’ என்பதிலிருந்து பிறந்த தூய தமிழ்ச் சொல் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படியே எழுதலாமா?

பதில்: வேண்டாம். களிசான் போர்த்துக்கீசியச் சொல். அந்த மொழியில் ‘கல்சாவ்ங்’ என்பது முழங்காலோடு நிற்கும் காற்சட்டை. யாழ்ப்பாணம் 1619 முதல் 1658 வரை போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. அம்மம்மா சொல்லும் சப்பாத்து (காலணி), லேஞ்சி (கைக்குட்டை), துவாய் (துண்டு), கதிரை (நாற்காலி) எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவைதான்.

மகன் ஒரே ஒரு சான்று எழுதினால் போதும். அவர்களுடைய ‘பொத்தாவ்ங்’ நமக்குப் பொத்தான் ஆனது, ‘கப்பித்தாவ்ங்’ கப்பித்தான் ஆனது. கல்சாவ்ங் களிசான் ஆனதும் அதே வழியில்தான்.

இதில் ஒரு விலக்கு உண்டு. ஆசிரியர் கேட்டால் பிள்ளை தடுமாறக்கூடாது என்பதால் சொல்லிவிடுகிறேன். ‘லெய்லாவ்ங்’ என்ற சொல் ‘ஏலான்’ ஆகவில்லை, ஏலம் ஆனது. மலையாளத்தில் லேலம். அதாவது ‘ஆவ்ங்’ என்று முடியும் அந்த மூக்கொலி சில இடங்களில் ‘ன்’ ஆகும், சில இடங்களில் ‘ம்’ ஆகும். சிங்களத்தில் காற்சட்டைக்குக் ‘கலிசம’ என்கிறார்கள். அங்கே ‘ம’ வந்திருக்கிறதே, அது வேறு சொல்லோ என்று குழம்ப வேண்டாம். மூலம் ஒன்றுதான்.

அப்புறம் அந்தக் காணொளி. போர்த்துக்கீசியச் சொல்லின் வேர் லத்தீனில் குதிகாலைக் குறிக்கும் ‘கல்க்ஸ்’. குதிகாலில் தொடங்கிய சொல் செருப்புக்கு வந்து, காலுறைக்கு ஏறி, கடைசியில் காற்சட்டையில் நின்றது. ‘கல்க்ஸ்’, ‘கால்’ இரண்டும் ஒலியில் ஒத்திருப்பது தற்செயல். ஒலி ஒத்துப்போனால் உறவு என்று சொல்லிவிடுவது படித்தவர்களும் விழுகிற குழி. எந்தச் சொல்லையும் இரண்டாக உடைத்து, இரு துண்டுக்கும் தமிழில் பொருள் சொல்லிவிட முடியும். இதையே வேர்ச்சொல் வகுப்பு என்று காசு வாங்கிக்கொண்டு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் பல கடன்சொற்களுக்கு மூலமொழி குறித்திருக்கிறார்கள். இணையத்தில் அதை இலவசமாகவே பார்க்கலாம்.

என் கோபம் பாடத்திட்டத்தின் மேல்தான். பிறமொழிச் சொல்லை நீக்கி எழுதுக என்று தேர்வில் கேட்கிறோம். அது எப்படி, யாரோடு வந்தது என்று ஒரு நாளாவது சொல்லிக்கொடுக்கிறோமா? அந்த வெற்றிடத்தில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

சரி, மகனை அம்மம்மாவிடம் உட்காரச் சொல்லுங்கள். அவர் களிசான் என்பது கட்டைக் காற்சட்டையை மட்டுமா, நீளமானதையுமா என்று கேட்கட்டும். இன்றைய போர்த்துக்கீசியத்தில் அது கட்டைக்கு மட்டும்தான். நீளமானதற்குக் ‘கல்சஷ்’ என்று தனிச்சொல் உண்டு. அம்மம்மா இரண்டையும் களிசான் என்றால், அந்தப் பொருள் விரிவு நம் ஊரில் நடந்தது. அதை அவர் சொன்னபடியே எழுதட்டும்.