14 வயது மகள், 16 வயது மகன், ஆளுக்கொரு போன்: பறிப்பதா, விடுவதா?

கேள்வி கேட்டிருப்பவர் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கும் ஓர் அம்மா. கணவர் கட்டாரில் வேலை. மகளுக்கு 14 வயது, மகன் இந்த முறை ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கிறான். இருவரும் டிக்டொக், இன்ஸ்டகிராம் என்று இருக்கிறார்கள். போனைப் பறித்தால் வீட்டில் சண்டை, விட்டால் இவருக்குப் பயம். இதைப் பொறுப்பாகப் பாவிக்கப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்கிறார்.

நான் பக்கத்து ஊர்க்காரன்தான். போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன், ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் மகளும் இருக்கிறாள். ஆசிரியரோ மனநல ஆலோசகரோ இல்லை. ஆனால் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்து வரும் தாய்மார் "மனே, புள்ளைட போனுக்கு ஏதாச்சும் பூட்டுப் போட்டுத் தாவன்" என்று கேட்பதும், அடுத்த கிழமை அதே பிள்ளை தனியாக வந்து அந்தப் பூட்டைக் கழற்ற எவ்வளவு என்று கேட்பதும் எனக்குப் பழகிய விஷயம்.

பறிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். பறித்தால் பாவனை நிற்காது, உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகும். கூட்டாளியின் போனில் கணக்கைத் திறப்பார்கள், அல்லது திரையில் கீறல் விழுந்த பழைய போன் ஒன்று மலிவாகக் கைக்கு வரும். அப்படி ஒன்று பள்ளிக்கூடப் பைக்குள் இருப்பது தெரியாமலே பல வீடுகளில் "நாங்க போன் குடுக்கிறதில்ல" என்று பெருமையாகச் சொல்வார்கள்.

சரி, அப்போ என்ன செய்வது? முதலில் பிறந்த திகதியைப் பாருங்கள். பிள்ளை தூங்கிய பிறகு களவாக அல்ல, பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, டிக்டொக்கிலும் இன்ஸ்டகிராமிலும் ஜிமெயிலிலும் எந்த ஆண்டு இருக்கிறது என்று பாருங்கள். 1998, 2000 என்று ஏதாவது இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், ஏசவும் வேண்டாம். கணக்குத் திறக்கக் குறைந்தது 13 வயது வேண்டும் என்பதால் 11, 12 வயதிலேயே ஆசைப்பட்ட பிள்ளைகள் ஆண்டை மாற்றிப் போட்டிருப்பார்கள். போன் வாங்கும்போது கடையிலேயே ஜிமெயில் திறந்து கொடுக்கும் வழக்கமும் எங்கள் பக்கம் உண்டு. அவசரத்தில் வாயில் வந்த ஆண்டைப் போட்டுவிடுவார்கள். பாஸ்வேர்ட் என்னவென்று வாங்கினவருக்கே தெரியாது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அந்த ஆண்டை வைத்துத்தான் செயலி உங்கள் மகளை யார் என்று முடிவு செய்கிறது. டிக்டொக்கில் 13 முதல் 15 வயதுக் கணக்குகள் தொடக்கத்திலேயே தனிப்பட்டவையாக, அதாவது பிள்ளை ஏற்றுக்கொண்டவர் மட்டும் பார்க்கும்படி இருக்கும். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நேரடியாக மெசேஜ் அனுப்பும் வசதி இல்லை, 18க்குக் கீழே லைவ் போக முடியாது, 15 வயது வரை இரவு 9 மணிக்குப் பிறகு நோட்டிபிகேஷன் வராது. இன்ஸ்டகிராம் 2024 செப்டம்பரில் இளையோர் கணக்கு என்று ஒன்றைக் கொண்டு வந்தது. அதில் கணக்கு தனிப்பட்டதாக இருக்கும், முன்பின் தெரியாதவர் மெசேஜ் போட முடியாது, இரவு 10 முதல் காலை 7 மணி வரை சத்தம் வராது. 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை இவற்றைத் தளர்த்தப் பார்த்தால் பெற்றோரின் அனுமதி கேட்கும். பிறந்த ஆண்டு 1998 என்று இருந்தால் இவை ஒன்றுமே உங்கள் மகளுக்குக் கிடையாது. செயலியைப் பொறுத்தவரை அவள் 25 தாண்டிய பெண். யாரும் மெசேஜ் போடலாம், எந்த நேரமும் போடலாம். இன்ஸ்டகிராமில் திகதியை அமைப்புகளுக்குள் போய்த் திருத்தலாம். டிக்டொக்கில் அது அவ்வளவு சுலபமில்லை, பழையதை அழித்துவிட்டுச் சரியான திகதியோடு புதிதாகத் திறப்பதுதான் குறைந்த தலைவலி. லைக் எல்லாம் போய்விடும் என்று மகள் அழுவாள். அழட்டும்.

அப்புறம்தான் பூட்டு. டிக்டொக்கில் பெற்றோர் கணக்கையும் பிள்ளை கணக்கையும் இணைக்கும் 'பெமிலி பெயாரிங்' வசதி இருக்கிறது. அண்ட்ரொய்ட் போனுக்குக் கூகுளின் 'பெமிலி லிங்க்' இருக்கிறது. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணிக்குப் பூட்டு, புதிய செயலி இறக்க உங்கள் சம்மதம் என்பவற்றை இவற்றில் வைக்கலாம். இரண்டும் இலவசம். ஆனால் யாரோடு என்ன கதைக்கிறாள் என்பதை இவை காட்டாது. அதைக் காட்டும் என்று சொல்லிக் காசு கேட்கும் செயலிகளை நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. பிள்ளையின் மெசேஜ், படம் எல்லாம் முன்பின் தெரியாத யாரோ ஒருவனின் சேர்வருக்குப் போகும், அதற்கு நீங்களே காசும் கட்டுகிறீர்கள்.

இனி, எனக்கு முக்கியமாகப் படும் விஷயம். பெண் பிள்ளைகள் சிலர் கூட்டாளியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து, டெம்பர் கிளாஸ் விலை கேட்பது போல் கேட்டுவிட்டு, கடையில் ஆட்கள் குறைந்த பிறகு மெல்லக் கேட்பார்கள்: "அங்கிள், ஒரு ஐடிய ஹெக் பண்ணி அழிக்க ஏலுமா?" இந்தக் கேள்வி வந்தால் பின்னால் ஒரு மிரட்டல் இருக்கிறது என்று அர்த்தம். யாரோ ஒருவனிடம் ஒரு படம் போயிருக்கும். ஆண் பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. பெண் பெயரில் வரும் கணக்கு வீடியோ கோலில் ஆசை காட்டிப் பதிவு செய்துகொண்டு, பிறகு ரீலோட் போடு, காசு போடு என்று தொடங்கும். வீட்டில் சொன்னீர்களா என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "சொன்னா போனப் பறிச்சிருவாங்க, வகுப்புக்கும் விடமாட்டாங்க."

அம்மாவிடம் சொல்ல முடியாததைப் போன் கடைக்காரனிடம் சொல்கிறார்கள். கடைக்காரன் எல்லோரும் நல்லவன் என்று யார் சொன்னது?

அதனால் இரண்டு பிள்ளைகளுக்கும் இன்றைக்கே ஒரு வாக்குக் கொடுங்கள்: "நீயா வந்து சொன்ன விஷயத்துக்காக உன்ட போன நான் வாங்க மாட்டன், ஊருக்கும் சொல்ல மாட்டன்." கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் பாடு. முதல் சோதனை சின்னதாக வரும். யாரோ ஒரு பொடியன் "ஹாய்" போட்டான் என்று மகள் காட்டுவாள். அதற்கே "நீ என்னத்தப் போட்டாய், அவன் ஏன் உனக்கு அனுப்பினான்" என்று தொடங்கினீர்கள் என்றால், அடுத்த முறை பெரிய பிரச்சினை வரும்போது அது உங்களிடம் வராது.

அப்படி உண்மையிலேயே மிரட்டல் வந்தால், காசு கொடுக்க வேண்டாம். ஒரு முறை கொடுத்தவரிடம் இன்னும் கேட்பான். பதற்றத்தில் மெசேஜ்களை அழித்துவிடாமல் அவனுடைய கணக்கின் பெயர், நம்பர், மிரட்டிய வரிகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டு, செயலியிலேயே முறைப்பாடு செய்து, அதற்குப் பிறகு புளொக் பண்ணுங்கள். 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படங்களுக்கென்று 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023இல் இருந்து இருக்கிறது. அமெரிக்காவின், காணாமல் போன மற்றும் சுரண்டலுக்கு உள்ளான சிறுவர்களுக்கான தேசிய நிலையம் நடத்துவது, இங்கிருந்தும் பாவிக்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. போனுக்குள்ளேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி இலக்கம் உருவாகி, அந்த இலக்கம் மட்டும் பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். அதே படத்தை அங்கே யாராவது ஏற்றினால் அவர்களால் கண்டுபிடித்து நீக்க முடியும். வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை இதனால் தடுக்க முடியாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929, அதற்கு எடுத்துச் சொல்லலாம். பொலிசுக்குப் போவதென்றால் சிறுவர், பெண்கள் பிரிவைக் கேட்டுப் போங்கள். மாமா, சித்தப்பா என்று ஆள் சேர்த்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சண்டைக்குப் போகிற வேலை வேண்டாம். அதோடு ஊர் முழுக்கக் கதை போய்விடும். ஆதாரம் காட்ட என்று அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

இந்த இடத்தில் பெற்றோரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகளின் முகம் அதிகமாக வெளியே போவது அவர்கள் போடும் டிக்டொக்கால் மட்டும் இல்லை, பிள்ளை பெரியவளானால் நாங்கள் நடத்தும் சாமத்திய வீட்டாலும்தான். 12, 13 வயதுப் பிள்ளைக்குச் சேலை கட்டி, ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த வீடியோ, ஸ்டூடியோக்காரரின் பேஸ்புக் பக்கத்தில் உலகம் முழுவதும் பார்க்கக் கிடக்கிறது. பெயரும் ஊரும் சேர்த்தே போட்டிருப்பார்கள். பிள்ளையிடம் யாரும் கேட்டதில்லை. பிறகு அதே வீட்டில் "உன்ட போட்டோவப் போடாத" என்று ஏச்சு நடக்கிறது. பிள்ளைகளுக்கு இந்த முரண்பாடு நன்றாகவே தெரிகிறது, அதைச் சொன்னால் வாய் காட்டுகிறாள் என்கிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி வீடியோ இருந்தால், மகளிடம் கேட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குப் பேசி அதை நீக்கச் சொல்லுங்கள். நீக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் அறிவுரையை மகள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பாள்.

டியூஷன் வட்ஸ்அப் குழுக்கள் வேறு இருக்கின்றன. 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது பழகியது, இன்னும் நிற்கவில்லை. குழுவில் இருக்கும் எல்லோருக்கும் மகளின் நம்பர் தெரியும், அதில் இருந்து யார் எடுத்து யாருக்குக் கொடுப்பார் என்று சொல்ல முடியாது. வகுப்புக் குழுவுக்கு உங்கள் நம்பரைக் கொடுங்கள். அவளுடைய வட்ஸ்அப்பில் தனியுரிமைக்குள் போய், புரொபைல் படத்தைப் பார்ப்பதும் குழுவில் சேர்ப்பதும் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள்.

மகனைப் பற்றி நீங்கள் எழுதியதில் நேரம்தான் பிரச்சினை என்று தெரிகிறது. ஆனால் ஓ.எல். வயதுப் பொடியன்களிடம் நான் பயப்படுவது பகிர்வதைப் பற்றி. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் நடந்தது எங்களுக்கு மறந்திருக்காது. முஸ்லிம் ஒருவரின் கடைச் சாப்பாட்டில் இருந்த ஒரு கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று சொல்லி, அந்த வீடியோ போன் போனாகப் பரவி, சாப்பாட்டுக் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி. ஒரு கிழமைக்குள் கண்டிப் பக்கம் திகனவும் எரிந்து, மார்ச்சில் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் சில நாட்களுக்கு முடக்க வேண்டி வந்தது. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரு மதில் இடைவெளியில் இருக்கும் எங்கள் கரையில் இதை மகனுக்குக் கதையாகச் சொல்லுங்கள், அப்போது அவன் சின்னப் பிள்ளை. வட்ஸ்அப்பில் வந்த செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. அனுப்பியவரே எழுதியது இல்லை. அதைக் கண்டால் அனுப்பாமல் விடு என்று சொல்லிக் கொடுங்கள். குடும்பக் குழுவில் பெரியப்பா அனுப்பினாலும் அப்படித்தான்.

நேரத்துக்கு ஒரே ஒரு விதி போதும்: இரவு 10 மணிக்கு எல்லாப் போனும், உங்களுடையதும், ஹோலில் சார்ஜில் கிடக்க வேண்டும். உங்கள் வீட்டில் இதற்கு ஒரு இடைஞ்சல் இருக்கிறது. கட்டார் நேரம் எங்களுக்கு இரண்டரை மணி பின்னால். கணவர் வேலை முடிந்து அங்கே இரவு 8 மணிக்கு எடுத்தால் இங்கே பத்தரை. அப்பாவின் கோலைச் சாட்டி போன் திரும்ப அறைக்குள் போகும், கோல் முடிந்தும் வெளியே வராது. அதனால் அந்த நேரத்து இமோ கோல் உங்கள் போனுக்கு வரட்டும், பிள்ளைகள் ஹோலில் இருந்து கதைக்கட்டும். முன்கூட்டியே அவரோடு பேசி வையுங்கள். நீங்கள் 10 மணி என்று சொல்ல, அவர் பாசத்தில் புதுப் போன் வாங்கி அனுப்பினால் விதி அன்றோடு முடிந்தது.

கடைசியாக என் தொழில் சார்ந்த ஒன்று. பிள்ளைகளின் போனைத் திருத்தக் கொடுக்கும்போது சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். சாம்சங் புதிய போன்களில் பராமரிப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுக் கொடுத்தால் திருத்துபவர் போனைச் சோதிக்கலாம், படங்களையும் மெசேஜையும் பார்க்க முடியாது. பழைய போனை விற்பதென்றால் கூகுள் கணக்கை எடுத்துவிட்டு முழுதாக ரீசெட் பண்ணாமல் கொடுக்க வேண்டாம். தெரிந்த கடைதானே என்று விடாதீர்கள். என் கடைக்கு வந்தாலும் அப்படிச் செய்துவிட்டே வாருங்கள், நான் குறை நினைக்க மாட்டேன்.