கூண்டில் ஏறும் கதை: வாசகர் கேள்வி – பதில்

‘கௌரவம்’ முதலில் நாடகமாக வந்ததாமே? மேடையில் இல்லாத எதைப் படம் சேர்த்தது?
– வாசகர், திருச்சி

ஆமாம். வியட்நாம் வீடு சுந்தரம் எழுதி, ஒய்.ஜி.பார்த்தசாரதியின் யு.ஏ.ஏ. நாடகக் குழு மேடையேற்றிய ‘கண்ணன் வந்தான்’தான் 1973 தீபாவளிக்கு ‘கௌரவம்’ ஆனது. இயக்கமும் சுந்தரமே. பாரிஸ்டர் ரஜினிகாந்த், அவரை எதிர்த்து வாதாடும் வளர்ப்புப் பிள்ளை கண்ணன் என்று இரண்டு வேடத்திலும் சிவாஜி கணேசன். ஒரே முகம் ஒரே நேரத்தில் எதிரும் புதிருமாக நிற்பது மேடையில் நடக்காது. அந்தக் காலத்துக் கேமராவில் அதற்கு வழி இருந்தது. கேமராவை அசையாமல் பூட்டிவிட்டு, லென்ஸின் பாதியை மறைத்து ஒரு வேடத்தை எடுப்பார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியில் அடுத்த வேடத்தை எடுப்பார்கள். நடிகரின் கை நடுக்கோட்டைத் தாண்டினால் அந்தக் கை மறைந்துவிடும். கேமரா ஒரு நூல் நகர்ந்தாலும் சுவரில் கோடு விழும். தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் ஷாட்டுக்கு டூப் போதும்.

‘கௌரவம்’ பாரிஸ்டர் முதல் வழக்கில், கொலைக் குற்றம் சுமத்தப்பட்ட மோகன்தாஸுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அவன்தான் கொலைகாரன் என்று பிறகு தெரிந்தால் அதே கொலைக்கு மறுபடி கூண்டில் ஏற்ற முடியாதா?
– வாசகி, ஈரோடு

அந்த விடுதலைத் தீர்ப்பு நிற்கும்வரை முடியாது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை வழக்குத் தொடுத்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(2). விடுதலையானவரை மறுபடி விசாரிப்பதையே தடுப்பது குற்றவியல் நடைமுறைச் சட்டம். படம் வந்தபோது அதில் அது 403ஆம் பிரிவு, பிறகு 300, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 337. ஆனால் விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யலாம். இப்போது உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள் கெடு. பல கதைகள் சறுக்குவது இங்கேதான். தீர்ப்பு வந்த மறுவாரமே குற்றவாளி “இனி என்னை யாரும் தொட முடியாது” என்று சிரிப்பான். அந்தக் கெடு முடியும்வரை அவன் சிரிக்கக் கூடாது. அந்த மூன்று மாதமே ஒரு நல்ல இரண்டாம் பாதிக்குப் போதும்.

“நான்தான் செய்தேன்” என்று கட்சிக்காரர், ஏற்கெனவே நடந்துவிட்ட குற்றத்தைத் தன் வக்கீலிடம் ஒப்புக்கொண்டால், அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் அதை வெளியே சொல்ல முடியாது. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மனசாட்சி உள்ள வக்கீல் பாத்திரத்தை நெருக்க இதைவிடக் கூர்மையான கருவி கிடையாது.

வளர்த்தவரும் பிள்ளையும் ஒரே வழக்கில் எதிரெதிரே நிற்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

நிற்கலாம். நீதிபதி நெருங்கிய உறவினராக இருந்தால்தான் அவர் முன் ஆஜராகக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: செஷன்ஸ் கோர்ட்டில் கொலை வழக்கை நடத்துபவர் அரசு வழக்கறிஞர். பாதிக்கப்பட்டவர் வைக்கும் வக்கீல் அவருக்குத் துணையாக மட்டுமே இருக்கலாம்.

எங்கள் குழுவின் இரண்டு மணி நேரக் கோர்ட் நாடகத்தைத் திரைக்கதையாக்குகிறோம். எங்கே தொடங்குவது?
– நாடகக் குழுவினர், மதுரை

பிரதியை எடுத்து ஒவ்வொரு வசனத்தையும் மூன்று வண்ணத்தில் குறியுங்கள்: செய்தி, உணர்ச்சி, வாதம். மேடையில் வெளியே நடந்ததை யாராவது வந்து சொல்லியே ஆக வேண்டும். படத்தில் அந்தச் செய்தி வசனங்கள் அநேகமாக எல்லாம் காட்சியாகிவிடும். உணர்ச்சியில் பாதியை முகம் பார்த்துக்கொள்ளும். வாதத்தில் மட்டும் கைவைக்கப் பயப்படுங்கள். நாடகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது ஃபிளாஷ்பேக். சாட்சி வாயைத் திறக்கும்போதெல்லாம் பழைய காட்சிக்குப் போனால் குறுக்கு விசாரணை செத்துவிடும். சாட்சி கண்ணால் பார்த்த துண்டை மட்டும் காட்டுங்கள், அவர் ஊகித்ததைக் காட்ட வேண்டாம். பொய் சொல்பவரின் பொய்யை முழுக் காட்சியாகக் காட்டிவிட்டுக் கடைசியில் மறுத்தால், பார்ப்பவர் உங்களை நம்பமாட்டார்.

குறுக்கு விசாரணையில் ஒரு கேள்விக்கு ஒரு விஷயம். பதில் ‘ஆமாம்’, ‘இல்லை’யில் அடங்க வேண்டும். மேடையில் கைதட்டல் வாங்கிய மூன்று பக்கப் பேச்சை அங்கே நுழைத்தால் பொய்யாகத் தெரியும். அதை இறுதி வாதத்துக்கு நகர்த்துங்கள். விடையைத் தானே ஊட்டும் கேள்வியைத் தன் சாட்சியிடம் முதல் விசாரணையில் கேட்டால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். குறுக்கு விசாரணையில் தாராளமாகக் கேட்கலாம். ‘ஆட்சேபணை’ என்ற சொல்லுக்கு அர்த்தம் வருவதே இந்த வித்தியாசத்தால்தான்.

கடைசி நேரத்தில் ஓடிவரும் சாட்சியைப் பலர் சினிமாத்தனம் என்கிறார்கள். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 311, இன்றைய சன்ஹிதாவின் 348ஆம் பிரிவுப்படி எந்தக் கட்டத்திலும் நீதிமன்றம் சாட்சியை அழைக்கலாம். ஆனால் மனு போட வேண்டும், எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும், அவர்களுக்குக் குறுக்கு விசாரணை வாய்ப்பும் தர வேண்டும். இதை ஒரே நிமிடத்தில் காட்டினால்கூட நம்பகம் வந்துவிடும்.

கதை நடக்கும் தேதியையும் முடிவு செய்யுங்கள். கொலை 2024 ஜூலை 1க்கு முன் என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 302, அன்றோ பிறகோ என்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 103. தேதி ஒன்று, பிரிவு வேறு என்றால் வக்கீல்கள் தியேட்டரிலேயே சிரிப்பார்கள்.

நீதிபதி சுத்தியலால் தட்டுவது, கீதை மேல் கைவைத்துச் சத்தியம் வாங்குவது: இரண்டும் இருக்கலாமா?
– வாசகி, புதுச்சேரி

வேண்டாம். நம் கோர்ட்டுகளில் சுத்தியல் தட்டும் வழக்கமில்லை. 1969 உறுதிமொழிச் சட்டம் தரும் வாசகத்தில் புத்தகம் கிடையாது. கடவுள் பெயராலோ உளமாரவோ வாயால் சொன்னால் போதும்.

நாடகத்தைப் படமாக்கும் உரிமையை யாரிடம் வாங்குவது? குழுவிடமா, எழுதியவரிடமா?
– உதவி இயக்குநர், சென்னை

எழுதியவரிடம், அவர் காலமாகியிருந்தால் வாரிசுகளிடம். காப்புரிமை அவர் மறைந்து 60 ஆண்டு வரை உண்டு. கையெழுத்திட்ட ஒப்பந்தமாகவே இருக்க வேண்டும், வாய்ச்சொல் நிற்காது. காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகும். படம் தொடங்கத் தாமதமாவது சகஜம் என்பதால் இந்த வரியை முதலில் பாருங்கள். ஒத்திகையில் நடிகர்கள் சேர்த்த வசனங்கள் பிரதியில் இருந்தால் அவர்களிடமும் எழுதி வாங்குங்கள்.

கருவுக்கு மட்டும் உரிமை கிடையாது. பஞ்சாபி – மதராசி காதலைச் சொன்ன ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தைத் திருடியதாக ‘நியூ டெல்லி’ படத்தின் மேல் ஆர்.ஜி.ஆனந்த் தொடுத்த வழக்கு, 1978இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. கரு ஒன்றாக இருந்தும், சொன்ன விதம் வேறு என்பதே தீர்ப்பு. இதை நம்பி உரிமை வாங்காமல் இறங்கிவிடாதீர்கள்: காட்சி வரிசையும் வசனமும் ஒத்துப்போனால் இதே தீர்ப்பின் அளவுகோல் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.